பவளத் தொட்டிப் பாசியைப் பட்டினி போடாதீர்கள், மேயுங்கள்

"அண்ணா, தொட்டி முழுக்கப் பாசி. எந்த மருந்து ஊத்தணும்?"

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன் என்று தெரிந்தவர்களிடமிருந்து எனக்கு வாட்ஸப்பில் அதிகம் வரும் கேள்வி இதுதான். கூடவே ஒரு படமும் வரும். நீல விளக்கில் எடுத்த படமாக இருக்கும். பாசி பச்சையா பழுப்பா என்றுகூடத் தெரியாது. வெள்ளை விளக்கைப் போட்டு இன்னொன்று எடுத்து அனுப்பச் சொல்வேன். அதற்குள் கடைக்காரர் கொடுத்த ஏதோ ஒரு குப்பி தொட்டிக்குள் போயிருக்கும்.

ஆளுக்கொரு பதில் தட்டுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்றுதான் இந்த நீளப் பதிவு. 60 முதல் 150 லிட்டர் வரையுள்ள சிறிய பவளத் தொட்டிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். என்னுடையதும் அந்த வகைதான். சென்னையில் அடுக்குமாடி வீட்டுக் கூடம், இரண்டு கோமாளி மீன், ஒரு பிளென்னி, கொஞ்சம் சோவாந்திட், கொஞ்சம் மஷ்ரூம் (இரண்டும் கல்லில்லாப் பவளங்கள்). கல் பவளம் கிடையாது. கல் பவளங்களும் கடல் விசிறிகளும் நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. நம் கடலில் எடுத்த 'லைவ் ராக்' என்று யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள். அது பவளப்பாறையை உடைத்து எடுத்ததுதான். வார்த்துச் செய்த செயற்கைக் கல்லே போதும், கொஞ்சம் பொறுமை இருந்தால்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரில் சத்தே இல்லாமல் செய்துவிட்டால் பாசி பட்டினியில் செத்துவிடும் என்ற நம்பிக்கைதான் சிறிய தொட்டிகளை அதிகம் கெடுக்கிறது. கடலில் பாசியை அடக்கி வைத்திருப்பது முக்கியமாகப் பட்டினி அல்ல. அதைத் தின்னும் வாய்கள். நம் தொட்டியில் அந்த வாய்கள் இல்லை, அல்லது போதாது. அந்த வேலையை யார் செய்வது என்பதுதான் கேள்வி.

கடலில் பாசி ஏன் கண்ணில் படுவதில்லை

நல்ல பவளப்பாறையின் படத்தைப் பார்த்தால் கல் சுத்தமாக இருக்கும். அங்கே பாசி வளர்வதில்லை என்று தோன்றும். வளர்கிறது, வேகமாகவே வளர்கிறது. வளர வளரக் கிளிமீனும் சர்ஜன் மீனும் ஓரா மீனும் கடல் முள்ளெலியும் நத்தையும் சுரண்டித் தின்றுவிடுகின்றன. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்கு ஆதாரம் கேட்டால் ஜமைக்காவைப் பார்க்கலாம். அங்கே மீன்களை ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டிருந்தார்கள். பாறையை மேய்ந்துகொண்டிருந்தது பெரும்பாலும் டயடெமா என்ற நீண்ட முள் கொண்ட கருப்பு முள்ளெலி மட்டுமே. 1983-இல் ஏதோ ஒரு நோய் கரீபியன் கடல் முழுக்கப் பரவி, சுமார் ஓராண்டுக்குள் அந்த முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கொன்றுவிட்டது. டெரன்ஸ் ஹியூஸ் 1994-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கணக்கின்படி, ஜமைக்காப் பாறைகளில் 1977-இல் சுமார் 52 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 1990-களின் தொடக்கத்தில் 3 சதவீதத்துக்கு வந்துவிட்டது. பெரும்பாசியின் பரப்போ 4 சதவீதத்திலிருந்து 92 சதவீதமாக ஏறியது. நடுவில் 1980-இல் வந்த ஆலன் புயலும் பவளத்தை நொறுக்கியது உண்மை. ஆனால் நொறுங்கிய இடத்தில் பவளம் திரும்ப வராமல் பாசி உட்கார்ந்துகொண்டதற்குக் காரணம், தின்ன ஆள் இல்லாமல் போனதுதான்.

இன்னொன்று ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், ஆர்ஃபியஸ் தீவில் செய்த பரிசோதனை. பெரிய மீன்கள் நுழைய முடியாதபடி பாறைமேல் கூண்டு கட்டினார்கள். உள்ளே சர்காசம் என்ற பழுப்புப் பாசி காடாக வளர்ந்தது. பிறகு கூண்டைத் திறந்துவிட்டு வீடியோ கேமரா வைத்துக் காத்திருந்தார்கள். கிளிமீன்களும் சர்ஜன் மீன்களும் வந்து மேயும் என்று எதிர்பார்த்தார்கள். அவை முற்றி வளர்ந்த அந்தப் பாசியை அதிகம் தொடவே இல்லை. சில வாரங்களில் அதைப் பெரும்பாலும் தின்று தீர்த்தது பிளாட்டாக்ஸ் பின்னேட்டஸ் என்ற மீன். பாசி தின்னும் பட்டியலில் யாரும் அதைச் சேர்த்திருக்கவே இல்லை. 2006-இல் வெளியான ஆய்வு இது.

நத்தை வாங்கிப்போட்டும் பாசி குறையவில்லை என்று புலம்புபவர்களுக்கு இந்த ஆய்வில் பதில் இருக்கிறது. குட்டையான இளம் பாசியைத் தின்னும் வாய் வேறு, நீண்டு முற்றிய பாசியைத் தின்னும் வாய் வேறு. நம் நத்தைகள் முதல் வகை. இரண்டு அங்குல முடிப்பாசி மேல் ட்ரோக்கஸ் நத்தையை விட்டால் அது ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். முதலில் கையால் குட்டையாக்க வேண்டும். அதன் பிறகு மீண்டும் நீளாமல் நத்தை பார்த்துக்கொள்ளும். வரிசையை மாற்றினால் நத்தைக்குக் கொடுத்த காசு வீண்.

ஒரு சிட்டிகைத் தீனியின் கணக்கு

சத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்து கவலைப்படுங்கள் என்கிறேன்.

தொட்டிக்குள் பாஸ்பேட் வரும் பெருவாசல் மீன் தீனி. உலர் தீனியில் குறைந்தது 1 சதவீதம் பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்வோம். 1 கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். பாஸ்பேட்டாக மாற்றினால் அது சுமார் 30 மில்லிகிராம். 100 லிட்டர் தொட்டியில் அவ்வளவும் கரைந்தால் 0.3 பிபிஎம் (லிட்டருக்கு 0.3 மில்லிகிராம்) ஏறும். நாம் வைத்திருக்க விரும்புவது 0.03 முதல் 0.1 வரை. மீன் உடம்பில் கொஞ்சம் சேரும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் கொஞ்சம் வெளியேற்றும், கல் கொஞ்சம் உறிஞ்சும். அத்தனையும் கழித்தாலும் மிச்சம் பெரிது. அண்டாத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு தெரியாது, டம்ளரில் தெரியும். சிறிய தொட்டி டம்ளர்.

சரி, தண்ணீர் மாற்றினால் போகாதா? தொட்டியில் 0.1 பிபிஎம் இருக்கிறது என்றால் 100 லிட்டரில் மொத்தம் 10 மில்லிகிராம் பாஸ்பேட். 10 சதவீதத் தண்ணீரை மாற்றினால் வெளியே போவது 1 மில்லிகிராம். அதே வேளையில் ஒரு பிடி முடிப்பாசியைப் பிடுங்கி எறிகிறீர்கள் என்று வையுங்கள். அதைக் காயவைத்தால் 1 கிராம் தேறும். கடற்பாசியின் உலர் எடையில் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு பாஸ்பரஸ் இருக்கும். பாஸ்பேட் கணக்கில் 3 முதல் 6 மில்லிகிராம். வாளி வாளியாக உப்புக் கரைத்து மாற்றியதைவிட ஒரு பிடி பாசி அதிகமாக எடுத்துக்கொண்டு போகிறது! தண்ணீர் மாற்றுவதில் கால்சியம், காரத்தன்மை, நுண்தாதுக்கள் போன்ற வேறு பலன்கள் உண்டு. அதற்காக மாற்றுங்கள். பாஸ்பேட்டுக்காக மட்டும் என்றால் கை வலிதான் மிச்சம்.

வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் வால்டர் ஏடி 1980-களில் பவளப்பாறைத் தொட்டிகளை இந்த எண்ணத்தை வைத்தே நடத்தினார். ஒரு வலைமேல் வேகமாகத் தண்ணீரை ஓடவிட்டு, மேலே பலமான விளக்கு வைத்துப் பாசியை வேண்டுமென்றே வளர்ப்பது. குறித்த இடைவெளியில் சுரண்டி எடுப்பது. பாசி தொட்டிக்குள் வளராமல் வலையில் வளரும், சத்தும் அதோடு வெளியே போகும். இன்று பலர் தொட்டியின் பின்னறையில் கீட்டோமார்ஃபா பாசியை வளர்த்து மாதம் ஒருமுறை பாதியைப் பிடுங்குவதும் இதே வித்தைதான். சிறிய தொட்டியில் பின்னறை இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் கையே அந்த வலை.

பாஸ்பேட் பரிசோதனையில் பூஜ்யம் காட்டுகிறதே, பாசி மட்டும் எப்படி வளர்கிறது என்று குழம்ப வேண்டாம். வந்ததையெல்லாம் பாசி உடனே தின்றுவிட்டால் தண்ணீரில் எதுவும் மிஞ்சாது. தவிர, சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருந்து, தண்ணீரில் குறையக் குறைய மெல்ல வெளியே விடும். பழைய தொட்டியிலிருந்து வாங்கிய கல்லில் முதல் சில மாதம் பாசி பிய்த்துக்கொண்டு வளர்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சொட்டுவிட்டு நிறம் பார்க்கும் கிட் இவ்வளவு சிறிய அளவுகளுக்குச் சரிவராது. சிறிய டிஜிட்டல் சோதனைக் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். அது பாஸ்பரஸைப் பிபிபி-யில் காட்டும் வகை என்றால் 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். 20 என்று காட்டினால் பாஸ்பேட் சுமார் 0.06 பிபிஎம்.

வந்திருப்பது யார்?

பாசி என்று நாம் சொல்வதில் சில பாசியே இல்லை. ஆளைத் தெரிந்துகொள்ளாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

பழுப்புத் தூள்: புதுத் தொட்டியில் மணலிலும் கண்ணாடியிலும் படிவது. துடைத்தால் உடனே போகும், மறுநாள் வரும். இது டயாட்டம். சிலிக்காவால் ஓடு கட்டும் நுண்ணுயிர். தண்ணீரிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கேட் தீர்ந்ததும் தானாக அடங்கும். எதுவும் செய்ய வேண்டாம்.

கண்ணாடியில் பச்சைப் படலம்: எல்லாத் தொட்டியிலும் உண்டு. காந்தத் துடைப்பானால் தேய்த்துவிடுங்கள். இது வரவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

முடிப்பாசி: பச்சை நூல் நூலாக. டெர்பீசியா, கிளாடோஃபோரா என்று பல. மென்மையாக இருந்தால் பிடுங்குவது சுலபம். நூலின் இரு பக்கமும் இறகுபோலக் கிளை விட்டிருந்தால் அது பிரையாப்சிஸ். அது பிடிவாதக்காரன், அதற்குப் பின்னால் வருகிறேன்.

குமிழ்ப்பாசி: பச்சைக் கண்ணாடி மணிபோல உருண்டை. வலோனியா வகை. ஒரு உருண்டை முழுக்க ஒரே செல்! நகத்தாலோ இடுக்கியாலோ அடியோடு நெம்பி எடுங்கள். முடிந்தால் கல்லை வெளியே எடுத்து, தொட்டிக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். அப்போது உடைந்தாலும் உள்ளிருப்பது தொட்டித் தண்ணீரில் கலக்காது.

சிவப்பு வழவழப்பு: மணல்மேல் விரித்த துணிபோல உரிந்து வரும், நாறும். இது சயனோபாக்டீரியா. பாசி அல்ல, பாக்டீரியா. 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜனை நிரப்பத் தொடங்கிய கூட்டத்தின் வாரிசு. இவற்றில் பல, கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவையே உணவாக மாற்றிக்கொள்ளக்கூடியவை. அதனால் நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கினால் மற்றவர்கள் பட்டினி கிடப்பார்கள், இது கொழுக்கும். நீரோட்டம் குறைந்த மூலைகளில்தான் முதலில் வரும். குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள், அலைப் பம்பைத் திருப்பி வையுங்கள்.

பழுப்புச் சளி: நூல் நூலாகத் தொங்கும், நுனியில் காற்றுக் குமிழி இருக்கும். காலையில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் தெரியும். நத்தைகள் காரணமில்லாமல் சாகும். இது டைனோஃபிளாஜெலேட், சுருக்கமாக டைனோ. இதற்குத் தனியாக ஒரு பகுதி தேவை.

இளஞ்சிவப்பு மேலோடு: கல்லோடு கல்லாக ஒட்டிய சுண்ணாம்புப் படிவு. கோரலைன் பாசி. இது வரட்டும். அது பிடித்த இடத்தில் முடிப்பாசி எளிதில் வேர்கொள்ளாது.

பூஜ்யத்தின் பின்னால் ஓடினால்

இப்படி ஒரு கதை அடிக்கடி நடக்கிறது. கொஞ்சம் முடிப்பாசி வருகிறது. தொட்டிக்காரர் பயந்துபோய்த் தீனியை வாரம் இரண்டு முறையாகக் குறைக்கிறார். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகளை அளவில்லாமல் போடுகிறார். ஸ்கிம்மரை ஏற்றிவிடுகிறார். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். முடிப்பாசி வெளுக்கிறது, கூடவே பவளமும் வெளுக்கிறது. சில வாரத்தில் மணல் முழுக்கப் பழுப்புச் சளி.

கல், மணல் பரப்பில் பாசியும் பாக்டீரியாவும் இடம் பிடித்திருக்கும்வரை டைனோ ஒடுங்கியே இருக்கும். அவற்றைப் பட்டினி போட்டுக் காலி செய்தால், காலியான இடத்துக்கு அது வருகிறது. பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் சூசாந்தெல்லேவும் இதே டைனோஃபிளாஜெலேட் குலம்தான். ஒரே குலத்தில் ஒன்று பவளத்தை வாழவைக்கிறது, இன்னொன்று தொட்டியைக் காலி செய்கிறது.

டைனோதானா என்று உறுதிசெய்ய எளிய வழி உண்டு. சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு சிறு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். தடித்த டிஷ்யூ தாளில் வடிகட்டி, வடிந்த தெளிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடியும் நூல் திரண்டால் டைனோ. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் 400 மடங்கு நுண்ணோக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. நீர்த்துளி வடிவத்தில் இருந்த இடத்திலேயே சுழன்றால் ஆஸ்ட்ரியாப்சிஸ். முட்டை வடிவத்தில் வழுக்கிக்கொண்டு ஊர்ந்தால் ஆம்ஃபிடினியம். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலைவிட்டு நீரில் மிதக்கும், அப்போது புற ஊதா விளக்கு வடிகட்டி அதைப் பிடிக்கும். ஆம்ஃபிடினியம் பெரும்பாலும் மணலைவிட்டு எழாது. அதற்கு அந்த விளக்கால் பயன் குறைவு.

இரண்டுக்கும் பொதுவான வைத்தியம் ஒன்றுதான்: சோறு போடுங்கள். தீனியைக் கூட்டுங்கள், உறிஞ்சும் துகளை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் நிறுத்துங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் வரைக்கும் பாஸ்பேட் 0.1 அருகிலும் வரட்டும். பச்சைப் பாசி திரும்பத் தலைகாட்டும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். பச்சைப் பாசியைக் கையால் சமாளிக்கலாம்; டைனோவைச் சமாளிப்பது பெரும்பாடு.

நம்மூர்த் தண்ணீர்

வெளிநாட்டுப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். நமக்கு ஒரு பகுதி வேண்டும்.

சென்னைக் கோடையில் மீன்விசிறி வைத்துத்தான் பலர் தொட்டியைக் குளிர்விக்கிறோம். ஆவியாதலால் குளிர்கிறது, அதனால் தண்ணீர் வேகமாகக் குறையும். நாளுக்கு 2 லிட்டர் குறைந்தால் மாதத்துக்கு 60 லிட்டர் ஊற்ற வேண்டும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். நாம் ஊற்றுவதில் கரைந்திருப்பது அப்படியே உள்ளே தங்கும். டிடிஎஸ் (மொத்தக் கரைபொருள்) 100 பிபிஎம் உள்ள தண்ணீர் என்றால் மாதம் 6 கிராம் கரைபொருள் தொட்டியில் சேர்கிறது. அதில் சிலிக்கேட், நைட்ரேட், பாஸ்பேட் எதுவும் இருக்கலாம். தீனியை எண்ணி எண்ணிப் போட்டுவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன பயன்?

"வீட்டு ஆர்.ஓ. தண்ணிதானே ஊத்துறேன்" என்பார்கள். வீட்டு ஆர்.ஓ. கருவிகளில் பெரும்பாலானவை, ருசிக்காகவும் தாதுக்காகவும் வடிகட்டாத நீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்தே கொடுக்கின்றன. நமக்கு நல்லது, தொட்டிக்கு நல்லதல்ல. கையடக்க டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். வைத்துப் பாருங்கள். ஆர்.ஓ. சவ்வுக்குப் பின்னால் டி.ஐ. (அயனி நீக்கும்) பிசின் குடுவை ஒன்றைச் சேர்த்து, டிடிஎஸ் 0 வரும்படி செய்வதே முறை. பிசின் தீரும் தறுவாயில் சிலிக்கேட்தான் முதலில் நழுவும். மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது. பழைய தொட்டியில் திடீரென்று டயாட்டம் வந்தால் முதலில் பிசினை மாற்றுங்கள்.

விளக்கைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 8 மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் தொட்டியில் விழக்கூடாது.

வாராந்திர மேய்ச்சல்

என் தொட்டியில் வாரத்துக்கு ஒருமுறை நடப்பது இது. ஞாயிறு காலைக்குள் அடங்கிவிடும்.

முதலில் பம்புகளை நிறுத்துவேன். மெல்லிய குழாயின் முனையில் பழைய பல் துலக்கும் பிரஷை ரப்பர் வளையத்தால் கட்டியிருக்கிறேன். மறுமுனை வாளியில். பிரஷால் தேய்க்கத் தேய்க்கப் பெயர்ந்த பாசி அப்படியே குழாய்க்குள் போய்விடும். இதில் முக்கியம் துணுக்குகள் தண்ணீரில் பறக்காமல் இருப்பது. தேய்த்துவிட்டு அப்படியே விட்டால், ஒவ்வொரு துணுக்கும் வேறொரு கல்லிடுக்கில் போய் முளைக்கும்.

துணுக்கால் வரும் இந்த ஆபத்து மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் நேர்ந்தது. மண்டபம் பக்கத்துப் பெண்கள் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் சேகரித்து வாழ்ந்த கடல் அது. அந்தப் பாசிகள் அங்கேயே பிறந்தவை, பவளத்தோடு ஒத்து வாழ்ந்தவை. 2000-களில் பாக் நீரிணைப் பக்கம் தெப்பம் கட்டிக் காரகீனன் என்ற கூழ்ப்பொருளை எடுப்பதற்காக வளர்த்த காப்பாஃபைகஸ் என்ற பாசி வெளியிலிருந்து வந்தது. 2008-இல் அது குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்கள்மேல் படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உடைந்த ஒரு துண்டே போதும், அது புதுச் செடியாகிவிடும். ஆட்கள் இறங்கிக் கையால்தான் பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்கிய இடத்தில் மிச்சமிருந்த அடிப்பகுதியிலிருந்து மறுபடியும் முளைத்தது. பெரும் கடலுக்கே அப்படி என்றால் நம் தொட்டிக்கு எப்படி?

கல் சிறியதாக இருந்தால் வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் வைத்துத் தேயுங்கள். பிடிவாதமான திட்டுகள்மேல், கல் வெளியே இருக்கும்போதே, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சால் தொட்டு வைத்து, சில நிமிடம் கழித்துக் கழுவிவிட்டு உள்ளே வைக்கலாம். பவளத்தின்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டையாக்கிய பிறகு நத்தை. ட்ரோக்கஸ் என் முதல் தேர்வு. கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். ஆஸ்ட்ரியா நத்தைக்கு அது வராது, கவிழ்ந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும். டர்போ நன்றாகத் தின்னும், ஆனால் புல்டோசர். சின்ன பவளத் துண்டுகளைத் தள்ளிவிடும். செரித் மணலோரத்தைப் பார்த்துக்கொள்ளும். நசாரியஸைப் பாசிக்காக வாங்காதீர்கள், அது செத்ததையும் மிச்சத் தீனியையும் தின்பது. பெரிய தொட்டிக்காரர்கள் சொல்வதைக் கேட்டு சர்ஜன் மீன் வாங்கவே வேண்டாம், 100 லிட்டர் அதற்குச் சிறை. சலாரியாஸ் பிளென்னி போதும், அதுவும் கல்லில் மேய ஏதாவது இருக்கும் தொட்டியில் மட்டும். நத்தைகளை மொத்தமாக இறக்காமல் சிலவாக ஆரம்பியுங்கள். தின்னக் கிடைக்காமல் செத்த நத்தை அழுகினால் அதுவே அடுத்த பாசிக்கு உரம்.

மருந்து கேட்பவர்களுக்கு

பிரையாப்சிஸுக்கு மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறது. ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து. தொட்டிக்காரர்களிடையே வழக்கத்தில் இருக்கும் அளவு லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம், ஒரே முறை. வடிகட்டியில் இருக்கும் கரியை எடுத்துவிட்டு இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். இது மருத்துவர் சீட்டில் வாங்க வேண்டிய மருந்து என்பதை மறக்க வேண்டாம். கொத்தாகச் சாகும் பாசி தன் சத்து முழுவதையும் தண்ணீரில் விட்டுவிடும் என்பதால், முதலில் முடிந்தவரை பிடுங்கிவிட்டுத்தான் மருந்து.

சயனோபாக்டீரியாவுக்கு எரித்ரோமைசின் போடச் சொல்வார்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும், உண்மை. எந்த பாக்டீரியாவை என்று பார்த்துக் கொல்லாது. அம்மோனியாவைத் தின்று மீனைக் காப்பாற்றுவதும் பாக்டீரியாதான். அந்தத் தண்ணீரைக் கடைசியில் சாக்கடையில்தான் ஊற்றப்போகிறோம் என்பதையும் யோசியுங்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். செம்பு கலந்த எந்தப் பாசி மருந்தும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. நத்தையும் இறாலும் பவளமும் சேர்ந்து போய்விடும். நன்னீர்த் தொட்டிக்கென்று விற்கும் குப்பிகளில் செம்பு இருக்கலாம், லேபிளைப் படியுங்கள்.

பிடுங்கியதை எங்கே போடுவது

சாக்கடையிலோ, முக்கியமாகக் கடலிலோ போடாதீர்கள். 1984-இல் மொனாக்கோவின் கடலாய்வு அருங்காட்சியகத்துக்குக் கீழே, கடலில் ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் கௌலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற பாசி காணப்பட்டது. காட்சித் தொட்டிகளில் அழகுக்காக வளர்த்த வகை. அங்கிருந்து மத்தியதரைக் கடலின் பல கரைகளுக்கும் பரவிவிட்டது. அதே பாசி 2000-இல் கலிஃபோர்னியாவின் அகுவா ஹெடியோண்டா காயலில் தலைகாட்டியபோது, அதைத் தார்ப்பாயால் மூடிக் குளோரின் செலுத்தி அழித்தார்கள். 2006-இல்தான் முழுக்க ஒழிந்ததாக அறிவித்தார்கள், 70 லட்சம் டாலருக்கும் மேல் செலவழித்து. பிடுங்கிய பாசியை மொட்டை மாடி வெயிலில் ஒரு நாள் காயவைத்து, காய்ந்ததும் குப்பையில் போடுங்கள். பாசி மிதக்கும் வாளித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள்.

பின்பக்கக் கண்ணாடி

கடைசியாக ஒன்று, பலரும் கேட்டுச் சிரிப்பது. முன்பக்கக் கண்ணாடியையும் பக்கவாட்டையும் நீங்கள் தேய்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தைத் தொடாதீர்கள். அங்கே வரும் பச்சைப் படலம் நத்தைகளின் மேய்ச்சல் நிலம். முடிப்பாசி கல்லில் குறைந்த மாதங்களில் அவற்றுக்குச் சாப்பாடு அதுதான். அவை அங்கே உயிரோடு இருந்தால்தான், கல்லில் அடுத்த முறை பாசி முளைக்கும்போது குட்டையாக இருக்கையிலேயே தின்ன வரும். பின்கண்ணாடி பச்சையாகவும், முன்கண்ணாடி மூன்று நான்கு நாளில் மங்குவதாகவும், கல் இளஞ்சிவப்பாகவும், பரிசோதனையில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிறிதளவு காட்டுவதாகவும் இருந்தால் உங்கள் தொட்டி நன்றாக இருக்கிறது. அந்த நிலையில் எந்தக் குப்பியும் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு நாலு ட்ரோக்கஸ் வாங்கி விடுங்கள்.